பேட்ச்சுக்கு ஒரு கால்

"ஆனேக்கல்காரரோட காலை நம்ம டெஸ்டிங் ஆளுங்களே உடைச்சுட்டாங்க மேடம்."

அல்சூரில் மெட்ரோ ஏறிய இளைஞன் சொன்னான். அடிதடி விவகாரமென்று திரும்பினேன். அவன் கழுத்திலும் உடன் வந்த பெண்மணி கழுத்திலும் செயற்கைக்கால் கம்பெனியின் அட்டை.

"ஏம்பா உடைச்சாங்க?"

"பேட்ச்சுக்கு ஒரு பீஸை உடைச்சுப் பாக்கணும்னு ரூல். முன்னாடி பேட்ச்சுக்கு இருநூறு பீஸ். இப்போ ஆளாளுக்கு அளவெடுத்துச் செய்யறோம், பேட்ச்சுக்கே ஒண்ணுதான். ரூலை யாரும் மாத்தல."

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொல்லிட்டேன். வேற செய்ய மூணு வாரம் ஆகும்னேன். பாவம், மார்க்கெட்ல மூட்டை தூக்கறவரு."

"கத்தினாரா?"

"இல்ல மேடம். எத்தனை கிலோவுல உடைஞ்சுதுன்னு கேட்டாரு."