கோல் கீப்பர் வரமாட்டாளாம்

— நீ வரமாட்டன் எண்டு சொன்னதை நான் நம்பேல்லை, ஷிரோமி. அதுதான் கொழும்பிலயிருந்து நேரா கெலிஓயாவுக்கு பஸ் ஏறினனான்.

— எங்க வரமாட்டேன்னு சொன்னேன், துஷாந்தி?

— நெட்போல் ஆசியக் கிண்ணத்துக்கு. கோச் மேடம் போன மாசம் உனக்குப் போன் எடுத்தவ.

— எனக்கு ஒரு போனும் வரல. இத்தன வருஷம் நாட்டுக்கு கோல் கீப்பரா நின்னவள, புள்ள பெத்ததும் மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்.

— மறக்கேல்லை. ஆரோ ஆம்பிளைதான் பதில் சொன்னவராம்.

— பிறையன், ஒங்களத்தான் சொல்றா.

— கேட்டுச்சு. மொதல்ல அவங்கள உக்காரச் சொல்லு. கதிரைய இழுத்துப் போடு.

— கதிரை கெடக்கட்டும். மேடம்கிட்ட என்னா சொன்னீங்க?

— ஒனக்கு இனி வெளையாட்டுல ஆச இல்லன்னு சொன்னேன். நீ அப்ப குளிச்சிக்கிட்டு இருந்த, தானே.

— குளிச்சா ஆச போயிருமா?

— புள்ள இன்னும் தவழுது, தானே. ஒன் முழங்கால ஒருக்கா ஆபரேஷன் செஞ்சாச்சு, தானே. இன்னொருக்கா விழுந்தா ரெண்டு பேரையும் நான்தான் தூக்கணும்.

— அத என்கிட்ட சொல்லியிருக்கணும். நான் அந்தப் போனப் பாத்துக்கிட்டே சோறாக்குறேன். நீங்க பக்கத்துல உக்காந்து திங்கிறீங்க.

— சொன்னா நீ போயிருவ.

— இப்பவும் போறேன். காலையில மொத பஸ்ல. புள்ளைக்குக் கஞ்சிய ஆறவிட்டுக் குடுங்க.

— எனக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது.

— இன்னைக்குப் பழகுங்க. துஷா, என் எடத்துக்கு ஆள் போடலையே?

— போட்டிட்டினம்.

— யாரு?

— ஒரு பிள்ளை. நாட்டுக்கு விளையாட இதுதான் அவளுக்கு முதல் பயணம். தாய் தேப்பன் தெருவெல்லாம் சொல்லிப்போட்டினம்.

— பாவம். அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?

— அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ உண்மையா வாறியோ?

— வாறேன். கால் ஒடஞ்சாலும் வாறேன்.

— அப்ப கொஞ்சம் கதைக்காம இருங்கோ, ரெண்டு பேரும். ஹலோ, மேடம்? ஓம், துஷாந்திதான். ஷிரோமி நாளைக்கு வாறா. நேரா கேட்டிட்டன். நீங்கள் என்ர பேரை வெட்டிவிடுங்கோ.