முன்வள்ளத்தில் ஏறும் ஆள்

மழையே பெய்யாத ஊரில் மழையளக்க ஒரு கழகமா என்று எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் மன்னாரில் இல்லை. நீங்களும் சிரிக்கலாம் ஐயா, நான் கோபிக்க மாட்டேன். முன்வள்ளம் எப்படிப் போனது என்று கேட்டீர்கள். அதைச் சொல்வதென்றால் கழகம் தொடங்கியதிலிருந்து சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ ஆத்திரத்தில் செய்தவன் மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆத்திரம் வருவது குறைவு, யாரையும் விசாரித்துப் பாருங்கள்.

சண்டை முடிந்து பெருநிலப்பக்கத்துச் சனம் ஊர் திரும்பிய காலம் அது. தோட்டவெளியில் இருக்கும் என் போட்டோக்கொப்பிக் கடையில் ஐந்து பேர் கூடி மன்னார் வானிலைக் கழகத்தைத் தொடங்கினோம். சம்பளம் இல்லை, கந்தோர் என்று ஒரு அறை இல்லை. சோடாப் போத்தலை வெட்டிச் செய்த மழைமானிதான் முதல் சொத்து. அதைக் கோயில் வளவில் நட்டு, பாதரைக் கொண்டு ஆசீர்வாதமும் செய்வித்தோம். அந்தக் கிழமையே ஒரு கழுதை வந்து தட்டி விழுத்திவிட்டது. பிறகு வேலி போட்டோம். பிறகு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் புண்ணியத்தில் நல்ல மழைமானி, அமுக்கமானி, காற்றாடி எல்லாம் வந்து சேர்ந்தன. கட்டுக்கரைக் குளத்தை நம்பி விதைக்கிற அடம்பன் பக்கத்துக் கமக்காரர்கள் எங்களிடம் மழை விசாரித்தார்கள். எங்கள் கரையில் தொழில் செய்கிறவர்கள் காற்று விசாரித்தார்கள். முதல் நாளிலிருந்து செயலாளர் நான்தான். என்னுடைய பெயரே மறந்துபோய், ஊர் என்னை ‘செக்கரட்டரி’ என்றே கூப்பிடுகிறது.

கழகத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கழகத்துக்கு ஒரே குரல். தொடக்கத்தில் ஒருநாள் எங்களில் ஒருவர் போகலாம் என்றும் இன்னொருவர் போகவேண்டாம் என்றும் வட்ஸ்அப்பில் பேசி, பாதி வள்ளம் கடலிலும் பாதி கரையிலுமாக நின்று, கடைசியில் துடுப்பால் மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு யார் எதைக் கண்டாலும் எனக்கு மட்டும்தான் சொல்வார்கள். நான் சேர்த்துப் பார்த்து, விடியற்புறம் ஒரு குரல்செய்தி போடுவேன். வானிலைத் திணைக்களம் மாவட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லும். நான் எங்கள் கரைக்கென்று சொல்வேன்.

இரண்டாவது வழக்கம் சம்மாட்டியார் சிங்கராசா கொண்டுவந்தது. கரையில் பாதி வள்ளம் அவருடையது. ஒரு கூட்டத்தில் எழும்பி நின்று அவர் சொன்னார்:

“நீங்கள் கரையில இருந்துகொண்டு போகச் சொல்லுறியள். செத்தா நாங்கள்தானே சாகிறம்? சோளகக் காலத்தில போகலாம் எண்டு சொன்னா, கழகத்து ஆள் ஒராள் எங்களோட வள்ளத்தில ஏறவேணும்.”

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முன்வள்ளம் என்று ஒன்று முதலில் போகும். அதில் கழகத்து ஆள் ஒருவர் இருப்பார். போன் எடுபடும் எல்லைவரை போய், கடல் நல்லது என்று அவர் எனக்குச் சொன்னால், மற்ற வள்ளங்கள் கிளம்பும். முன்வள்ளம் அப்படியே தொழிலுக்குப் போய்விடும்.

நான் ஏறியதில்லை. எனக்குக் கடல் பயம் என்று எழுதிவிடாதீர்கள். பயம் வேறு, ஒவ்வாமை வேறு. சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதற்காக இறாலுக்குப் பயப்படுகிறார்கள் என்றா சொல்கிறோம்? நெடுங்காலம் ஏரம்பு என்றொரு உறுப்பினர் ஏறிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கடற்பித்து. அவர் கனடாவுக்கு மகளிடம் போன பிறகு ஏற ஆள் இல்லை. அதனால் சோளகக் காலத்தில் நான் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றே செய்தி போட்டேன். வேண்டாம் என்று சொல்லி ஒருவரும் செத்ததில்லையே.

அப்போதுதான் யசோதரன் வந்து சேர்ந்தார். அடம்பனில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர். கமக்காரக் குடும்பம், நீந்தக்கூட அரைகுறைதான். ஆனால் காற்றைப் படிக்கிற மூளை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. கிழமையில் மூன்று நான்கு நாள் விடிய முன்னம் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து, “ஐயா, இண்டைக்குப் போகலாம், நான் ஏறுறன்” என்பார். ஏறுவார். சொன்னபடியே காற்று நடக்கும். வள்ளங்கள் நிறைய மீனோடு வரும். சிங்கராசாவின் மகன் டிலோஜன்தான் முன்வள்ளத்து ஓட்டி. இரண்டு பேரும் ஒட்டிப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கரையில் பெண்கள் யசோதரனுக்குப் பார்த்து மீன் எடுத்து வைப்பார்கள். எனக்கும் வைப்பார்கள்தான், அவருக்கு வைத்த பிறகு.

பொறாமை என்று நினைக்கிறீர்கள். இல்லை. அவர் என் செக்கரட்டரிக் கதிரைக்கு ஆசைப்பட்டிருந்தால் எழும்பிக் கொடுத்திருப்பேன். அவர் ஆசைப்படவில்லை. அவர் என்னை மதித்தார். அங்கேதான் பிடித்தது சனியன்.

இந்த முறை வருடாந்தக் கூட்டத்தில் யசோதரன் எழும்பிப் பேசினார். “செக்கரட்டரி ஐயா இல்லாட்டி இந்தக் கழகம் இல்லை. ஆனா இவ்வளவு காலத்தில ஐயாவை நாங்கள் ஒருநாள்கூடக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. அது எங்கட பிழை. வாற வெள்ளி முன்வள்ளத்தில ஐயா ஏறுறார்.”

மண்டபமே கைதட்டியது. சிங்கராசா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பின்னால் யாரோ ஒருவர், “ஐயாவுக்கு வாந்தி எடுக்க ஒரு வாளியும் கட்டுங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவ்வளவு பேர் கைதட்டிய பிறகு ஒரு மனிதன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வியாழன் பின்னேரம் யசோதரனுக்குப் போன் கோல் எடுத்து, காய்ச்சல் என்றேன்.

“ஐயோ, படுங்கோ ஐயா. நான் ஏறுறன். நீங்கள் அடுத்த வெள்ளி ஏறுங்கோ. சுகமாகாட்டி அதுக்கு அடுத்த வெள்ளி. விடமாட்டன், என்ன?” என்று சிரித்தார்.

என் மனைவி றஞ்சிதம் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “குளிர்ந்துபோய்க் கிடக்கு. ஒருநாள் ஏறினாத்தான் என்னப்பா?” என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது ஊருக்குத் தெரியும். முன்வள்ளத்தில் யசோதரனும் டிலோஜனும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேற்கே கறுத்து எழும்பி, பேய்க்காற்று அடித்தது. காற்று வருவதற்கு முன்பே நான் அவசரச் செய்தி போட்டு மற்ற வள்ளங்கள் எல்லாவற்றையும் கரையில் நிறுத்திவிட்டேன். ஒன்றுகூட இறங்கவில்லை. முன்வள்ளம் கவிழ்ந்து மிதந்தது. டிலோஜனின் உடல் மறுநாள் கரையொதுங்கியது. யசோதரன் கிடைக்கவில்லை. மற்றவர்களைக் காப்பாற்றினேன் என்று கோயிலில் என் பெயர் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள்.

உங்களுக்குத் தெரியாத பகுதியை இனிச் சொல்கிறேன்.

தலைமன்னாரில் எங்கள் உறுப்பினர் ஜுனைதீன் இருக்கிறார், அண்ணன் மாதிரி, ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். சோளகக் காலத்துப் புயற்காற்று அவருடைய பக்கம் அடித்த பிறகுதான் எங்கள் பக்கம் வரும். அன்று விடியற்புறம் அவர் எனக்குக் கோல் எடுத்தார். “செக்கரட்டரி, மேற்கால கறுத்துக்கொண்டு வருது. அமுக்கம் பொத்தெண்டு விழுந்திட்டுது. ஒராளையும் கடலுக்கு விட்டிடாதீங்க.” “சரி நானா” என்று வைத்தேன். அப்போது முன்வள்ளம் கரையில் நின்றது.

போனை வைத்த கையோடு யசோதரனின் கோல் வந்தது. கரையிலிருந்து பேசினார். முதலில் என் காய்ச்சலை விசாரித்தார். பிறகு, “ஜுனைதீன் நானா என்ன சொன்னவர் ஐயா?” என்றார்.

“அமைதி எண்டவர் தம்பி,” என்றேன்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கு யாருமே ஏறத் தேவையில்லையே, நானும்தான், என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்றைக்குச் சரி. அடுத்த வெள்ளி? அதற்கு அடுத்த வெள்ளி? விடமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தாரே. அவர் சொன்ன சொல் தவறாத பிள்ளை. அவர் இருக்கும்வரை எனக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு வெள்ளிக்கிழமை இருந்துகொண்டே இருக்கும்.

எங்கள் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. கரையோரம் தண்ணீர் தட்டையாகத்தான் கிடக்கும். வெளியே போன பிறகுதான் அதன் குணம் தெரியும், அப்போது திரும்பிவர அதை எதிர்த்து வரவேண்டும். இது நானே கூட்டங்களில் படம் கீறி விளக்கிய விஷயம். நனைந்து, பயந்து திரும்புவார்கள் என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். றஞ்சிதத்திடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் நான் காற்றைக் கணக்குப் பார்க்கிறவன் ஐயா. அப்படி நான் நினைக்கவில்லை.

எல்லையிலிருந்து யசோதரன் வழக்கம்போலக் கோல் எடுத்தார். “கடல் நல்லாக் கிடக்கு ஐயா. மற்ற வள்ளங்களை விடலாம். டிலோஜன் உங்களுக்குப் பாரை மீன் ஒண்டு கொண்டுவாறானாம், காய்ச்சலுக்கு ரசம் வைக்க.” நல்லது தம்பி என்றேன். பிறகு அவர்களுடைய போன் எடுபடாமல் போகும்வரை காத்திருந்தேன். இரண்டு தரம் அடித்துப் பார்த்து, இனி எடுபடாது என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு அவசரச் செய்தி போட்டேன். என் குரல் நடுங்கவில்லை. அந்தச் செய்தியை இன்றைக்கும் போட்டுக் கேட்கிறார்கள்.

ஜுனைதீன் அழுதுகொண்டு வந்தார். “நான் சொன்னேனே செக்கரட்டரி,” என்றார். நான் சொன்னதை யசோதரன் கேட்கவில்லை, பிடிவாதமாக ஏறினார் என்றேன். அவர் நம்பினார். ஒரே குரல்தானே, என் சொல்லுக்கு மேல் விசாரிக்க ஆள் இல்லை. அந்தக் கதை அடம்பன்வரை போய்விட்டது. யசோதரனின் மனைவி நிவேதிகா கைப்பிள்ளையோடு சிங்கராசா வீட்டு வாசலில் வந்து நின்று, தன் புருசன் அவருடைய மகனைக் கொண்டுபோய்ச் சாகடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளைக்கு வெயில் படுகிறது என்று குடையைப் பிடித்தேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

துக்கம் கழிந்ததும் சிங்கராசா கரையில் எல்லோரையும் கூட்டினார். “ஐயா சொன்ன சொல்லைக் கேட்டிருந்தா என்ர பிள்ளை இருந்திருப்பான். இனி முன்வள்ளத்தில ஐயாதான் ஏறவேணும். ஐயா ஏறாமல் ஒரு வள்ளமும் இறங்காது.” யாரும் வற்புறுத்தவில்லை. மரியாதை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு நாளும் ‘வேண்டாம்’ என்று செய்தி போடுகிறேன். காரணம் ஏதாவது சொல்வேன், அமுக்கம் சரியில்லை, மேற்கே மூட்டம் என்று. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வலைகள் வெயிலில் காய்கின்றன. ஐஸ் லொறி வருவதை நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டில் பிள்ளைகளுக்கு இரவில் வெறும் தேத்தண்ணீர்தான் என்று றஞ்சிதம் சொன்னாள், சொல்லிவிட்டு என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஆனாலும் ஒருவரும் என்மேல் குறை சொல்லவில்லை. விடிய விடிய வந்து என் முற்றத்தில் குந்தியிருக்கிறார்கள். சிங்கராசா முன்னால் இருப்பார். நான் கதவைத் திறந்ததும் எழும்பி நின்று கேட்பார்:

“இண்டைக்கு ஏறுவமோ ஐயா?”

இல்லை என்பேன். “ஐயா சொன்னால் சரி,” என்பார். பிறகும் போகமாட்டார்கள். கடைக்குப் போனால் கடைவாசலில். கோயிலுக்குப் போனால் பின்வரிசை வாங்கில். யாராவது ஒருவர் என்னைத் திட்டினால், கல்லெறிந்தால், எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். நேற்று சிங்கராசா, கரைசேர்த்துத் திருத்திய முன்வள்ளத்தில் எனக்கென்று முதுகு சாய்கிற பலகை ஒன்று அடித்து, அதன்மேல் மகன் படுத்த தலையணையைக் கட்டியிருந்தார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கையால் அமுக்கி, “மெத்தெண்டு இருக்கும், ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ” என்றார். நான் பார்த்தேன். வள்ளம் தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டேன். மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்று போட்டுக்கொள்ளுங்கள், அது பொய்யில்லை. இரண்டு பேரையும் சாகவிட்டது நான்தான். தெரிந்தே செய்தேன். கழகத்தின் பெயர் கெடக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் மறைத்தேன். வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரேயொரு உதவி ஐயா. என்னை உள்ளே விட்டுப் பூட்டிய பிறகு சிங்கராசாவுக்கு ஒரு கோல் எடுத்துவிடுங்கள். நாளைக்குக் கடல் நல்லது, எல்லா வள்ளமும் இறங்கலாம் என்று சொல்லுங்கள். இத்தனை நாளும் நல்லதாகத்தான் கிடந்தது. நான் பூட்டுக்குள் இருக்கிறேன், இனி ஏற வழியில்லை என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.