நீதவான் போட்ட ஒரே நிபந்தனை

ரப்பர் மரத்தில் பால் வெட்ட எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை ஐயா. பட்டையை ஆழமாகக் கீறிவிடுவேன். கூட வேலை செய்த சுதாகரன்தான் என் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பான். "மரத்துக்கு நோகாம வெட்டுங்கண்ணே." நல்ல மனுசன்.

பெல்மதுளைப் பக்கத்து மாணிக்கக் குழிகளுக்கு அந்த ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் வழியாகக் களவு வெடிமருந்து போவதாக எங்கள் பொலிஸ் பிரிவுக்குத் தகவல். தமிழன் என்பதால் என்னைத் தொழிலாளியாக உள்ளே அனுப்பினார்கள். அனுமதி தந்த நீதவான் அம்மா ஒரே நிபந்தனை போட்டார்: பார்க்கலாம், கேட்கலாம், யாரையும் தூண்டக்கூடாது. இடைக்கிடை நான் அவரிடம் நேரில் போய் நிலவரம் சொல்வதாக ஏற்பாடு. ஒன்றும் அகப்படாவிட்டால் அனுமதி ரத்து.

ஒன்றும் அகப்படவில்லை. மழையும் அட்டைக்கடியும்தான் மிச்சம். அடுத்த தடவையோடு நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னபோது, இவ்வளவு பாடும் வீணாகிறதே என்று எனக்குப் பட்டது.

பழைய வழக்கொன்றில் பிடித்த வெடிக்குச்சிகளைப் பொதியாகக் கட்டி, சுதாகரனிடம் கொண்டுபோனேன்.

"வேணாண்ணே. வீட்டுல சின்னப்புள்ள இருக்கு" என்றான்.

என் மகளுக்கு இருதயத்தில் ஓட்டை, இதை ஒருவரிடம் சேர்த்தால்தான் சத்திரசிகிச்சை நடக்கும் என்றேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது.

"சரி, வச்சுட்டுப் போங்க. நாளைக்கே எடுத்துரணும்."

மறுநாள் காலையிலேயே பொலிஸ் வந்து எடுத்தது.

பொதி அவனிடம் எப்படி வந்தது என்று நீதவான் அம்மா தன் அறையில் என்னைத் தனியாக வைத்து, கண்ணைப் பார்த்துக் கேட்டார். அவனே கொண்டுவந்து வைத்தான் என்று நானும் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். அவனை விளக்கமறியல் சிறையில் போட்டார்கள்.

அவன் மனைவி ஜீவராணி என்னைத் தேடி வந்தாள். நான் யாரென்று அவளுக்கு அப்போதும் தெரியாது. "அடிச்சும் ஒங்க பேரச் சொல்ல மாட்டேங்குறாருண்ணே. ஒங்க புள்ள செத்துப்போயிருமாம். நீங்க பொதி வச்சது எனக்கும் தெரியும்ணே. நீங்களாப் போய் நீதவான் அம்மாகிட்ட சொல்லிருங்க. இல்லாட்டி நானே போறேன்."

பேசும்போது சத்தமே போடவில்லை. மரியாதையான பெண்.

வீட்டில் வெடிமருந்து இருந்தது அவளுக்கும் தெரியும் என்று அன்றைக்கே என் மேலதிகாரிக்கு அறிவித்தேன். அவள் வாயாலேயே கேட்டது, பொய்யில்லை. அவளையும் பிடித்தார்கள். சந்தேகநபர் ஆனபின் அவள் என்ன சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? பிள்ளையைப் பக்கத்து வீட்டு சுப்பம்மா வைத்துக்கொண்டாள்.

அந்தச் செய்தி சிறைக்குள் போனதும் சுதாகரன் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துத் தூக்குப் போட்டுக்கொண்டான்.

சாவுக்கு ஜீவராணியை விலங்கோடு கூட்டிவந்தார்கள். கொள்ளி வைக்க ஆண் உறவு யாரும் இல்லை. கூடப்பிறக்காத அண்ணன் என்று தோட்டத்தார் என்னைத்தான் முன்னால் விட்டார்கள். வைத்தேன். வாய்விட்டு அழுதேன் ஐயா.

மற்றதெல்லாம் உத்தியோகத்துக்காகச் செய்தது. அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை. என் வாக்குமூலத்தில் மறக்காமல் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடமும் மனிதத்தன்மை இருந்ததென்று தெரியட்டும்.