ஆய்வுகூடத்துச் சாவி

பசறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"நாளைக்குக் கொழுந்தெடுக்க வரமாட்டேன். சாவி குடுக்குற வரைக்கும் ஸ்கூல் வாசல்லதான் குந்தப் போறேன்."

"என்ன சாவிக்கா?"

"லேப் சாவி. ஏ.எல். சயன்ஸ் படிக்கிற எம்மக கெமிஸ்ட்ரியில ஃபெயிலாம். ஆர்ட்ஸுக்கு மாறச் சொல்றாங்க. லேப்பப் பூட்டி வச்சா புள்ள எப்புடிப் படிக்கும்?"

"ஏன் பூட்டுறாங்க?"

"எல்லாம் கண்ணாடிச் சாமானாம். தோட்டத்துப் புள்ளைங்க ஒடைச்சிருமாம்."

"ஒருநாளும் தொறக்கலையா?"

"கொழும்புலருந்து அதிகாரிங்க பாக்க வந்தப்ப தொறந்தாங்க. அதுக்கு மொத நாள் அந்தக் கண்ணாடிச் சாமான் அத்தனையும் கழுவித் தொடச்சு அடுக்குனது யாரு? எம்மகதான். ஒன்னுகூட ஒடையல."