பாஸ்டரம்மாவுக்கு யார் சொன்னது

ரெனிதா: ஜூன் பதிமூணு, வெள்ளிக்கிழமை. நூம்பல்ல எங்க சபையில உபவாச ஜெபம். பதினோரு மணி இருக்கும், பாஸ்டரம்மா என் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணாங்க. நேரா அங்கேருந்துதான் வர்றேன்.

கோமளா: போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுக்கற மாதிரி சொல்றீங்க, ரெனிதா. முதல்ல உட்காருங்க.

ரெனிதா: உட்கார வரல மேடம். கவுன்சலிங்ல பேசறது இந்த ரூமைத் தாண்டாதுன்னு முதல் நாள் சொன்னது யாரு?

கோமளா: நான்தான். தாண்டாது.

ரெனிதா: தாண்டி மைக்ல வந்துச்சே.

கோமளா: மைக்லயா...

ரெனிதா: மைக்லதான். அத்தனை பொம்பளைங்களும் கண்ணை மூடிகினு இருக்கணும், ஒருத்தியும் மூடல. எங்க எதிர் பிளாட் ஜெயகுமாரி அக்கா ஆமென் ஆமென்னு சொல்லிகினே என்னை ஏற இறங்கப் பாக்குறாங்க. முடிஞ்சதும் கிட்ட வந்து, "பாப்பா கொஞ்ச நாளைக்கு எங்க ஊட்ல இருக்கட்டும்மா"ன்றாங்க. நான் இன்னா பேயா?

கோமளா: என்னன்னு ஜெபம் பண்ணாங்க?

ரெனிதா: தெரியாத மாதிரி கேக்கறீங்க.

கோமளா: நிஜமாவே தெரியாது.

ரெனிதா: நல்லா கீது. முன் ரூம்ல டோக்கன் குடுக்கற பவித்ரா எங்க சபைதான். உங்க கதவு வெறும் பிளைவுட்டு. நீங்க சொன்னீங்களோ, அவ ஒட்டுக் கேட்டாளோ, ரெண்டுல ஒண்ணு.

கோமளா: அவ கேட்டிருந்தா இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திடறேன். என்ன கேட்டிருப்பான்னு தெரியணும்ல. சொல்லுங்க.

ரெனிதா: "கர்த்தாவே, இந்தச் சகோதரி தன் பிள்ளையைத் தூக்கவே நடுங்குகிறாளே"ன்னு... ராகம் போட்டு.

கோமளா: அப்புறம்?

ரெனிதா: இது போதாதா?

கோமளா: முழுசா சொல்லுங்க.

ரெனிதா: ..."நாலாவது மாடி பால்கனியிலிருந்து பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று இவளுக்குள் வருகிற நினைப்பை அறுத்தெறியும் ஆண்டவரே."

கோமளா: பால்கனியா? இருங்க, என் நோட்டைப் பாக்கறேன்.

ரெனிதா: நோட்டை இன்னாத்துக்குப் புரட்டறீங்க? மாட்டிகினீங்களா?

கோமளா: ரெனிதா... இதை நீங்க என்கிட்ட சொன்னதே இல்ல.

ரெனிதா: இன்னாது?

கோமளா: இதுவரைக்கும் நாலு தடவை வந்திருக்கீங்க. முதல் தடவை உங்க டீம் லீடர் அமல்ராஜ் மீட்டிங்ல கத்தினார்னு சொன்னீங்க. ரெண்டாவது தடவையும் அமல்ராஜ். அப்புறமும் அவரேதான். ஒவ்வொரு தடவையும் பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டேன். "சமத்து மேடம், ஒரு தொந்தரவும் இல்ல"ன்னீங்க.

ரெனிதா: அமல்ராஜ் கத்தறது நிஜம்தான்.

கோமளா: இருக்கட்டும். அவரைப் பத்தி யாரும் மைக்ல ஜெபம் பண்ணலையே.

ரெனிதா: எனக்குச் சிரிப்பு வரல.

கோமளா: எனக்கும் வரல. நீங்க சொல்லாததை நான் எப்படி வெளிய சொல்வேன்? பவித்ரா எந்தக் கதவு வழியா கேப்பா?

ரெனிதா: அப்ப பாஸ்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? தரிசனம் வந்துச்சா?

கோமளா: வேற யார்கிட்ட சொன்னீங்க?

ரெனிதா: மனுஷங்க யார்கிட்டயும் இல்ல. ஆண்டவர்கிட்ட மட்டும்.

கோமளா: மனசுக்குள்ளயா?

ரெனிதா: எங்க சபையில யாரு மனசுக்குள்ள ஜெபம் பண்றா? எல்லாரும் ஒரே நேரத்துல வாய் விட்டுதான். டிரம்ஸ், கீபோர்டு, பாஸ்டரோட அல்லேலூயா... நம்ம குரல் நமக்கே கேக்காது. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுதுன்னு போன வெள்ளிக்கிழமை நானும்...

கோமளா: பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தாங்க?

ரெனிதா: ஜெயகுமாரி அக்கா. ரெண்டு கையையும் தூக்கிகினு, கண்ணுல தண்ணி கொட்டுது மேடம் அவங்களுக்கு. கர்த்தர்கிட்ட பேசறாங்கன்னு நெனச்சேன். காதை என் வாய்கிட்ட வெச்சிகினுதான் அழுதிருக்காங்க. இருங்க, இப்பவே போய் கேக்கறேன்.

கோமளா: கேளுங்க, கேக்க வேண்டியதுதான். அதை மைக்ல சொன்னவங்களையும் கேளுங்க, அது இன்னும் பெரிய தப்பு. எனக்கே கோவம் வருது. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. என்கிட்ட ஏன் சொல்லல?

ரெனிதா: சொன்னா நீங்க போன் போடுவீங்க. ஆளுங்க வந்து புள்ளைய வாங்கினு போயிடுவாங்க.

கோமளா: யார் சொன்னது?

ரெனிதா: ஒரு வீடியோல வந்துச்சு. இப்படி நினைப்பு வர்றவளை ஜெயில்ல போடணும்னு ஒருத்தன் பேசறான். லட்சம் பேரு லைக் போட்டிருக்காங்க.

கோமளா: அவன் கையில கிடைச்சா நான் பேசிக்கறேன். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்த நினைப்பு வரும்போது, அப்படிச் செய்யணும்னு தோணுதா?

ரெனிதா: இன்னா கேள்வி மேடம் இது? பால்கனி பக்கமே நான் போறதில்ல. துணியெல்லாம் ஹால்லயே கொடி கட்டிப் போடறேன். புள்ளைய என் புருஷன் ரூபஸ்தான் தூக்கறாரு, எனக்குக் கை வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். இதுக்கு மேல இன்னா பண்ணணும் நானு?

கோமளா: ஒண்ணும் பண்ண வேணாம். பிரசவத்துக்கு அப்புறம் நிறைய அம்மாக்களுக்கு வர்ற பயம் இது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு தவிக்கறதாலதான் இவ்ளோ நடுங்கறீங்க. வைத்தியம் இருக்கு, சரியாயிடும். நாளைக்கே ஒரு மனநல டாக்டரைப் பாக்கலாம், நானே பேசி வெக்கறேன். இதுக்காக யாரும் பாப்பாவைத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.

ரெனிதா: இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல நீங்க?

கோமளா: நீங்க அமல்ராஜைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க. தண்ணி குடிங்க. ஜெயகுமாரி இந்நேரம் உங்க வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாங்க. அவங்க வாயால ரூபஸ் இதைக் கேக்கணுமா?

ரெனிதா: வேணாம்.

கோமளா: அப்ப போன் போடுங்க. நான் வெளிய நிக்கட்டுமா?

ரெனிதா: இல்ல, இருங்க... ஹலோ. ரூபஸ்... யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க, நான் சொல்றதைக் கேளுங்க. பல் டாக்டர்கிட்ட போறேன்னு உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய். ஒரு மாசமாவே அங்க போகல, எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல. கரையான்சாவடியில ஒரு கவுன்சலர்கிட்ட வந்துகினு இருக்கேன். அவங்ககிட்டயே இன்னைக்குதான் நிஜத்தைச் சொன்னேன். பாப்பாவைத் தூக்கிகினு இங்க வாங்க.