சுவத்துல ஏறாத பஸ்

...பேனரைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க சார், உங்க பக்கம் தொங்குது பாருங்க. ‘வரலாற்றைத் திருடாதே’ன்னு எழுதிக்கீது. நீங்க மடக்கிப் புடிக்கிறதுல வெறும் ‘திருடா’ன்னு தெரியுது. ஆங், அப்படி.

பஸ்ஸா? வரும் சார். இந்த யுனிவர்சிடி வாசல்ல பஸ் நிக்குதுன்னா அதுக்குக் காரணமே நான்தான். அந்த பஸ் வர்ற வரைக்கும் இந்த ராஜகோபாலுக்காக ஒரு முனையைப் புடிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?

உள்ள பந்தல் பாத்தீங்களா? யுனிவர்சிடிக்கு அம்பது வயசாம். கருப்பு கிரானைட்டுல பெரிய சுவரு கட்டிக்கீறானுங்க. ‘கடந்து வந்த பாதை’ன்னு பேரு. இன்னும் கொஞ்ச நேரத்துல துணியை விலக்கித் தொறக்கப் போறாங்க. போன மாசம் எழுத்து வெட்டிகினு இருந்தப்பவே நான் சந்துல பூந்து பாத்துட்டேன் சார். அடிக்கல் நாட்டுனது கீது. மொத பட்டமளிப்பு கீது. கம்ப்யூட்டர் வாங்குனது, ஏ கிரேடு வாங்குனது... மொத துணைவேந்தர் வேப்பங்கன்னு நட்டதுகூட கீது! அந்தக் கன்னை மறுநாளே ஆடு தின்னுடுச்சு சார். என் கண்ணால பாத்தேன். ஆடு தின்ன கன்னுக்கு கிரானைட்டுல எடம். ராஜகோபால் நடத்துன போராட்டத்துக்கு எடமில்ல!

இன்னா போராட்டமா? நல்லா கேட்டீங்க. எழுபத்தி ஏழுல இங்க இன்னா இருந்துது? ஏரி, முள்ளு, கல் குவாரி. தாம்பரத்துல ரயில் எறங்கினா படப்பை போற பஸ் இங்க நிக்காது, வுர்ருனு போயிடும். கல் லாரிலதான் தொத்திகினு வருவோம். கிளாசுல வந்து ஒக்காந்தா எல்லாருக்கும் நெத்தி பூரா வெள்ளையா கல்தூசி, விபூதி பூசுன மாதிரி. ஜாபர் உட்பட!

ஜாபர் யாரா? சொல்றேன், அவன் கதை தனி.

ஒரு நாள் நானும் அவனும் ரோட்டுல குறுக்கப் படுத்தோம். பஸ் நின்னுது. அப்படியே கேட்டுக்குள்ள ஓட்டச் சொல்லிட்டோம். சிறைபிடிப்பு! டிரைவர் கத்துறாரு, கண்டக்டர் கத்துறாரு. கேன்டீன் பேபி அக்கா பாவம் பாத்து ரெண்டு பேருக்கும் இலை போட்டாங்க. கெளுத்தி மீன் கொழம்பு. துன்னுட்டு டிரைவர் வேப்பமரத்தடியில படுத்துட்டாரு... வேப்பமரம் ஏது, அதைத்தான் ஆடு தின்னுடுச்சே. புளியமரம். சாயங்காலம் பஸ்ஸை விடுதலை பண்ணோம். மறுநாள் மத்தியானம் பாத்தா... கூப்புடாமலே பஸ்ஸு உள்ள வந்துகினு கீது சார்! அதுக்கு மறுநாளும் வந்துது. ஒரு மாசம் அப்படியே ஓடிச்சு, அப்புறம் அவங்களே ஸ்டாப்புன்னு பலகை வெச்சிட்டாங்க. மீன் கொழம்புக்குத்தான் வந்தாங்கன்னு சில துரோகிங்க சொல்லுவானுங்க. நம்பாதீங்க. அது மாணவர் எழுச்சி!

சிரிக்காதீங்க சார். அந்த பஸ் வந்தப்புறம்தான் சுத்துப்பட்டுப் பொண்ணுங்க இங்க படிக்க வந்துதுங்க. கல் லாரில தொத்திகினு போய் படின்னு எந்த வூட்ல அனுப்புவாங்க?

நானா? நான் பட்டம் வாங்கல. ரெண்டு தபா பட்டமளிப்பு விழாவைப் புறக்கணிச்சவன், மூணாவது தபா போய் கையை நீட்டுனா நல்லாவா இருக்கும்? நான் படிச்சதெல்லாம் பிட் நோட்டீஸ்தான். எழுதுனதும் அதான், பசை தடவி ஒட்டுனதும் அதான்.

இன்னா? என்னாண்ட வந்து கேக்கவே இல்லியான்னா... கேட்டாங்க சார். பொய் சொல்ல மாட்டேன். இந்தச் சுவருக்கு எழுதிக் குடுக்கற புரொபசரு, அருள்மேரின்னு பேரு, வூட்டுக்கே வந்துது. “எங்க அம்மா அந்த பஸ்லதான் சார் வந்து படிச்சாங்க, நீங்க சொன்னா சேத்துடறோம்”னு சொல்லிச்சு. நானா எப்படி சார் சொல்ல முடியும்? எங்களுக்குன்னு ஒரு சங்கம் கீது. நிர்வாகம் இன்னா கேட்டாலும் மொத பதில் ‘நிராகரிக்கிறோம்’. அது எங்க மரபு. அப்புறம் கூட்டம் கூடி, தீர்மானம் போட்டு, அதுக்கப்புறம்தான் வாயைத் தொறக்கணும். கூட்டத்துக்கு மூணு பேர் வேணும். விதி! எழுதுனதே நான்தான். மூணாவது ஆளு ஸ்ரீநிவாசராகவனைப் போன வருஷமே நீக்கியாச்சு, பேத்தி அட்மிஷனுக்காகப் பதிவாளரைப் பாத்து சிரிச்சுட்டான். மிச்சம் நானும் ஜாபரும். எங்கேர்ந்து தீர்மானம் போடறது?

இப்ப ஜாபரும் இல்ல... ஐயையோ, உச்சு கொட்டாதீங்க, ஆளு உசுரோடதான் கீறான். நீக்கிட்டேன். போன வாரம் விழாக் கமிட்டி ரூம்ல ஒக்காந்து பிரியாணி துன்னுகினு இருந்தான் சார்! ஜன்னல் வழியா பாத்தேன். எதிர்ல அந்த புரொபசரு அருள்மேரி என்னமோ எழுதிகினு இருக்குது, இவன் ஒரு கையில லெக் பீஸ், ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேச்சு. அங்கியே ஜன்னலாண்ட நின்னு அவசரக் கூட்டம் போட்டேன். தலைவர் நான், செயலாளர் நான். ஏகமனதாக நீக்கம்! மூணு பேர் எங்கியா? நீக்கறதுக்கு ஒரு ஆள் போதும் சார். அதுவும் விதிதான்.

பேஜார் இன்னான்னா, பேனருக்கு ரெண்டு முனை. இத்தினி வருஷமா அந்த முனையை அவன்தான் புடிச்சான். உங்களை மாதிரி தொங்க விட மாட்டான். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கை எறங்காது. நானோ சீக்கிரம் முடிக்கிறவனில்ல...

கைதட்டல் கேக்குதா? தொறந்துட்டாங்க! இப்ப கோஷம் போடணும். அந்த ஹாரனைக் கண்டுக்காதீங்க. நான் ‘வரலாற்றை’ன்னா நீங்க ‘திருடாதே’ன்னு சொல்லணும். வரலாற்றை...! சார், சொல்லுங்க. வரலாற்றை...! சார்?

அடப்பாவி. முனையைக் கம்பத்துல கட்டிட்டு பஸ் ஏறிட்டான். அதுவும் நான் வாங்கிக் குடுத்த பஸ்ல! ...முடிச்சு மட்டும் நல்லாத்தான் போட்டுக்கீறான்.

யார்றா அது உள்ளேர்ந்து ஓடியாறது? ஜாபரா? நில்லு அங்கியே. நீ நீக்கப்பட்டவன். ...இன்னா கீது? சுவத்துலயா? டேய், விளையாடாத. போட்டோ புடிச்சியா? காட்டு. உன் கண்ணாடியைக் குடு. ‘மாணவர் ராஜகோபால் தலைமையில் பேருந்து சிறைபிடிக்கப்பட்டது. அன்று முதல்...’

மீன் கொழம்பைப் பத்தி சொல்லலியே? நல்லது.

...ஏன்டா, உன் பேரு எங்க? சொல்லலியா? அவ்ளோ நேரம் கையை ஆட்டிப் பேசினியே, உன் பேரை ஒரு தபா சொல்றதுக்கு இன்னா கேடு?

...தலைவர் பேரு போதும்னு விட்டுட்டியா? ம்.

அவுருடா அந்த முடிச்சை. எங்க முடிஞ்சுது? ஜாபர் பேரு அந்தச் சுவத்துல ஏர்ற வரைக்கும் போராட்டம் தொடரும். நீ பேசாத, நீக்கப்பட்டவனுக்குப் பேச உரிமை இல்ல. புடிக்கலாம். தூக்கிப் புடி... இன்னும் கொஞ்சம் மேல...

ஆங். அது!