வாளி நெறஞ்சிருக்கு

— மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிங்க. கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருந்தா வெளக்கெண்ணெ தேனா மாறிடுமா?

— நீ குடிச்சுப் பாரு செல்லாயி, அப்பறம் பேசலாம்லா. சின்ன வயசுல தோட்டத்துல எங்கப்பா என்னத் தொடைக்கு நடுவுல அமுக்கிப் புடிச்சு ஊத்துவாரு. முப்பத்தி மூணு வயசுல இப்ப நீ.

— நானா ஊத்துறேன்? டாக்டரு எழுதிக் குடுத்த காகிதம் இந்தா இருக்கு. மேல பிச்சமுத்துன்னு ஒங்க பேரு. நேத்து முழுக்க சோறு கெடையாது, வடிகட்டுன சூப்பு. இன்னைக்கு மூணு மணிக்கு வெளக்கெண்ணெ. அஞ்சு மணிக்கு ஒரு ஜக்கு பேதி உப்பு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் பெரியாஸ்பத்திரி. இப்ப மணி மூணே கால்.

— ஒரு நாளைக்குப் பத்து தடவ போற மனுசனுக்குப் பேதி மருந்து! தானா எறக்கத்துல ஓடுற பஸ்ஸ நாலு பேரு பின்னால நின்னு தள்ளுன மாதிரி இருக்கு.

— கொடல் சுத்தமா இருந்தாத்தான் அந்தக் கொழா உள்ள போயி பாக்க முடியுமாம். அது முனையில வெளக்கு இருக்காம்.

— என் பஸ்ஸுக்கே ஒரு பக்கந்தான் வெளக்கு எரியுது. எனக்கு உள்ளுக்குள்ள வெளக்கு போடுறாங்களாம்.

— பேச்ச மாத்தாதீங்க. ம், குடிங்க. இன்னும் கொஞ்சம். அவ்ளோதான். இந்தாங்க, எலுமிச்சந்தோல மோந்து பாருங்க.

— சீ, தொண்டையெல்லாம் வழுக்குது. கோப்பி ஓ குடு.

— இதுக்குத்தான் கலக்கி வெச்சிருக்கேன். பால் இல்ல, மெலிசா இருக்கும்.

— அடேயப்பா, இன்னைக்கு ஒடனே வந்திருச்சு. ஒன்னப் பொண்ணு பாக்க சுங்காய்க்கு வந்தப்ப கோப்பி கொண்டாற எவ்ளோ நேரமாச்சு தெரியுமா? அதுவும் சேலக் கொசுவமெல்லாம் சொட்டச் சொட்ட வந்து நின்ன. பொண்ணு அடுப்படியிலேர்ந்து வருதா, ஆத்துலேர்ந்து வருதான்னு எங்கம்மா காதுல கேட்டாங்க.

— ஆறு வருசமா இதயே சொல்லிச் சிரிங்க.

— என்னப் புடிக்காமத்தான் நீ அவ்ளோ நேரம் உள்ளயே யோசிச்சன்னு நெனச்சேன்லா.

— நெனச்சுக்கோங்க. சங்கிலிய இழுத்தா தண்ணி வரல, வீட்டுக்காரத் தவுக்கே இன்னும் ஆள் அனுப்பல. அதனால கக்கூசுல வாளி நெறச்சு வெச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் போங்க.

— எனக்கா கக்கூஸ் காட்டுற? ஈப்போலேர்ந்து சுங்காய் வரைக்கும் எல்லாம் மனப்பாடம். கோப்பேங்குல கோப்பிக்கடைக்குப் பின்னால. காம்பார்ல பெட்ரோல் ஸ்டேசன், சாவி அந்தத் தவுக்கே பொண்டாட்டிகிட்ட இருக்கும். பீடோர்ல பாசார் சந்தைக்குள்ள, ஆனா அங்க கதவு சாத்தாது. டிக்கெட்டு கிழிச்சத விட நான் எறங்கி ஓடுனதுதான் அதிகம்.

— டிரைவரு திட்ட மாட்டாரா?

— அந்தோணிமுத்து அண்ணனா? நான் ஓடுனா அவரும் எறங்கி டயர ஒதச்சுப் பாத்துக்கிட்டு நிப்பாரு. காத்து கொறவா இருக்குன்னு ஜனங்ககிட்ட சொல்லுவாரு. ஒரு வார்த்த கேட்டதில்ல. அந்த டயருக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்.

— நல்ல மனுசன். ஏங்க, ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— அன்னைக்கு டாக்டரு எத்தன வருசமா இப்பிடின்னு கேட்டப்ப ரெண்டு வருசம்னு சொன்னீங்க.

— ஆமா. பஸ்ஸுல மயங்கி விழுந்தேனே, அதுலேர்ந்து. நீதான ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன?

— அதுக்கு அவரு என்ன சொன்னாரு? ரெண்டு வருசம்னா கொஞ்ச தூரம் பாத்தா போதும். எட்டு, பத்து வருசம்னா கொழாய முழுக்க உள்ள விடணும், அங்கங்க சதையக் கிள்ளி எடுத்துப் பாக்கணும், நாள்பட்டா கட்டி கெளம்பும்னு சொன்னாருல்ல?

— பத்து வருசக்காரங்களுக்குத்தான சொன்னாரு. எனக்கு என்ன? சரி வழி விடு, வண்டி கெளம்பிருச்சு.

— மெதுவா போங்க, தரை ஈரம்.

— கதவச் சாத்திக்கிறேன். நீ போயி ஒன் வேலையப் பாரு.

— எனக்கு ஒரு வேலயும் இல்ல. முக்காலியப் போட்டு இங்கயே உக்காந்திருக்கேன். ரொம்ப வலிக்குதா?

— பழகுன வலிதான். அந்த வெள்ளக்காரன் பேரு வெச்ச நோயி, பேர வாய்ல சொல்ல வரல, வயித்துல மட்டும் நல்லா குடும்பம் நடத்துது.

— வாளியில தண்ணி போதுமா?

— நெறஞ்சிருக்கு. செல்லாயி...

— இருக்கேன்.

— நாளைக்குப் பாத்துட்டு, கொடல வெட்டணும், வயித்துல ஓட்ட போட்டு பை மாட்டணும்னு சொன்னா?

— மாட்டட்டும். பத்து வருசமா தோள்ல டிக்கெட்டு பை மாட்டலையா?

— வெளையாடாத. பை மாட்டுனவன் பக்கத்துல படுப்பியா நீ?

— மாத்திரையில மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்தப்ப யாரு பக்கத்துல படுத்தா? உசுரோட இருங்க, எனக்கு அது போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல.

— நாளைக்கு நீ வர வேணாம். பீடோர்ல ஒங்கக்கா வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிறேன்.

— எதுக்கு?

— டாக்டரு ஏதேதோ கேப்பாரு.

— கேக்கட்டும். நான் இருந்தா ஒங்களுக்கு என்ன சூசா, என்ன கஷ்டம்?

— இரு, தலைய செவுத்துல சாச்சுக்கிறேன்.

— ஏங்க? மயக்கம் வருதா? கதவத் தெறக்கவா?

— தெறக்காத. தெறந்தா சொல்ல மாட்டேன்.

— சரி, தெறக்கல. சொல்லுங்க.

— ரெண்டு வருசம் இல்ல.

— ம்.

— பதினொரு வருசம். எழுவத்தி நாலுல ஆரம்பிச்சுச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரு பூச்சின்னு சொல்லி மருந்து குடுத்தாரு. அப்பறம் ஒருத்தரு டீபின்னு ஒம்போது மாசம் மாத்திர குடுத்தாரு. எதுக்கும் கேக்கல. வரும், போகும். எங்கம்மாவத் தவிர யாருக்கும் தெரியாது.

— ம். சொல்லுங்க.

— ஒங்கப்பா கேட்டாரு. எல போட்டு உக்கார வெச்சு, மாப்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் உண்டான்னு நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு. ஒண்ணும் இல்ல மாமா, காய்ச்சகூட வந்ததில்லன்னு சொன்னேன்.

— அப்பா எல்லாரையும் அப்பிடித்தான் கேப்பாரு. சாப்புடுறதப் பாத்துத்தான் மாப்ள முடிவு பண்ணுவாரு.

— அதான! எனக்கு முந்தி வந்தவன் குருவி மாதிரி கொறிச்சான்னு வேணாம்னுட்டாராம். அதக் கேட்டுட்டு நான் ஆட்டுக்கறிப் பெரட்டல மூணு தடவ வாங்கி, மொளகாயோட வழிச்சுத் தின்னேன். ஒன் மேல அவ்ளோ ஆச.

— என்னப் பாக்காமயே?

— போட்டோவுல பாத்திருந்தேன்லா. தின்னது சும்மா இருக்குமா? மாட்டுக் கொட்டாயப் பாக்குறேன், சிகரெட்டு புடிக்கிறேன்னு ஒவ்வொரு தடவயும் ஒரு பொய்யச் சொல்லிட்டு ஓடுனேன். பொய் சொல்லித்தான் ஒன்னக் கட்டிக்கிட்டேன் செல்லாயி. டாக்டரு கேட்டப்ப நீ பக்கத்துல உக்காந்திருந்த. எப்பிடிச் சொல்லுவேன்? சொன்னா நீ போயிருவியோன்னு பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. செல்லாயி, இருக்கியா?

— இருக்கேன்.

— அழுவுறியா?

— ஆமா, அழுவுறேன். எனக்குக் கோவம். எங்கப்பாகிட்ட சொன்ன பொய்க்கு இல்ல. டாக்டருகிட்ட சொன்ன பொய்க்கு. உள்ள கட்டி இருந்து, டாக்டரு ரெண்டு வருசம்னு நெனச்சு அதப் பாக்காம விட்டுட்டா, அப்பறம் நான் யாரு கையப் புடிச்சுக்கிட்டு வாழுவேன்? ஆறு மாசமா ராத்திரில ஒங்க மூச்ச எண்ணிக்கிட்டு படுத்திருக்கேன். தெரியுமா?

— தெரியாதும்மா.

— நாளைக்கு நானும் வருவேன். என் முன்னாலயே பதினொரு வருசம்னு டாக்டருகிட்ட சொல்லுவீங்களா?

— சொல்றேன்.

— டிரெஸ்ஸரு, டீபி மாத்திர, எல்லாத்தையும்?

— எல்லாத்தையும் சொல்றேன். முழுக்க உள்ள விட்டுப் பாருங்கன்னு நானே சொல்றேன். போதுமா?

— போதும். அஞ்சு மணிக்கு உப்புத் தண்ணிய மூஞ்சியச் சுளிக்காம குடிக்கணும்.

— குடிக்கிறேன். செல்லாயி, நெசமாவே எங்கயும் போவ மாட்டியா? ஒன்ன ஏமாத்திக் கட்டிக்கிட்டவன் நான்.

— அன்னைக்கு எத்தன தடவ எந்திரிச்சுப் போனீங்க?

— நாலு தடவ.

— எங்க லயத்து வீட்டு வரிசைக்குக் கடைசி கக்கூசு. அங்க தண்ணிக் கொழா உண்டா?

— கெடையாது. ஒரே ஒரு தகர வாளி இருந்துச்சு.

— நாலு தடவயும் அதுல தண்ணி இருந்துச்சா?

— இருந்துச்சே. ஒவ்வொரு தடவயும் நெறஞ்சிருந்துச்சு. எங்கம்மா கும்புடுற சாமிதான் மானத்தக் காப்பாத்துச்சுன்னு நெனச்சேன்.

— சாமி இல்லைங்க, நான்தான். நீங்க ஓடுறதப் பாத்துட்டு, கெணத்துலேர்ந்து நாலு நடையும் தூக்கியாந்து ஊத்துனதுல சேல நனஞ்சு போச்சு, கோப்பிக்கு நேரமாச்சு. அப்பறம் உள்ள போயி, இவரத்தான் கட்டிக்குவேன்னு அப்பாகிட்ட சொன்னேன்.